மழைக்காலமும் பியானோவின் சுருதியும்



தப்பு அடிக்குமுன் அதை நெருப்பில் காட்டுவதை நம் தோட்டங்களில் எல்லோரும் கண்டிருப்பீர்கள். மழைக் குளிரில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். சூடு பட்டதும் இறுகி ஓசை எழும். பியானோவும் ஈரத்துக்குக் கட்டுப்பட்ட வாத்தியமே. ஆனால் அதன் போக்கு நேர்மாறானது. மழையில் அதன் சுருதி ஏறும், வறட்சியில் இறங்கும்.

காரணம் என்ன? பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள் உண்டு. அவற்றின் மொத்த இழுவிசை 15 தொன்னுக்கும் அதிகம். உருக்குக் கம்பியை ஈரம் மாற்றுவதில்லை. ஆனால் கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலிக்கும் பலகை மெல்லிய மரத்தால் ஆனது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது உப்பி எழுந்து கம்பிகளைத் தள்ளுகிறது, கம்பிகள் இறுகுகின்றன. காற்று உலர்ந்தால் பலகை தாழ்கிறது, கம்பிகள் தளர்கின்றன. இம்மாற்றம் நடுக்கட்டைகளில் மிகுதி. ஆகவேதான் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போகின்றன.

இனி லுணுகலையின் பருவங்களைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே உலர்ந்து வீசும். அக்டோபரில் மழை பிடித்து, வடகீழ்க் காற்றோடு ஜனவரி வரை நீடிக்கும். நத்தார் வருகிறதென்று செப்டெம்பரிலேயே சுருதி கூட்டினால் என்ன ஆகும்? நள்ளிரவுப் பூசைக்குள் அது கலைந்துவிடும். பங்கு மக்கள் சேர்த்த பணம் மழையோடு போகும். பாடகர் குழுவின் உழைப்பும் வீணாகும்.

ஆகவே, மழை தொடங்கியபின் மூன்று நான்கு வாரம் பொறுங்கள். மரம் ஈரத்துக்குப் பழகட்டும். திருவருகைக் காலம் நெருங்கும் நவம்பர் பிற்பகுதியே ஏற்ற வேளை. வசதியிருந்தால் ஜூலையிலும் ஒருமுறை கூட்டலாம். ஒருமுறைதான் இயலுமென்றால், ஆண்டுதோறும் நவம்பரையே கைக்கொள்ளுங்கள்.

சுருதி மாறியதை அறிய எளிய வழியொன்று உண்டு. ஆர்மோனியத்தின் நாக்குகள் பித்தளை. ஈரத்தால் அவற்றின் சுருதி மாறுவதில்லை. இரண்டிலும் ஒரே ஸ்வரத்தை மாதம் ஒருமுறை சேர்த்து அழுத்திக் கேளுங்கள். முன்னைவிட விலகியிருந்தால் மாறியது பியானோதான்.

பியானோவைச் சன்னலோரமும், ஈரச் சுவரை ஒட்டியும் வையாதீர்கள். அதைத் தப்புப் போல நெருப்பருகே கொண்டுபோய் உலர்த்தவும் வேண்டாம், பலகை வெடித்துவிடும். நாள் குறிப்பதில் காட்டும் பொறுமையே இந்த வாத்தியத்துக்கு நாம் செய்யும் பெரிய பராமரிப்பு.