ஷெல் ஸ்கிரிப்ட்: சுற்றுக்குள் மாறிகள் செய்யும் சேட்டை



பரீட்சைக்காகப் படித்த பாடம் மறந்துவிடும். நண்பனிடம் திட்டு வாங்கிப் படித்த பாடம் மறக்காது. இது இரண்டாவது வகை.

எங்கள் வகுப்பில் 12 பேருடைய புராஜெக்ட் அறிக்கைகள் ஆய்வகக் கணிப்பொறியில் ஒரே டைரக்டரியில் இருந்தன. அவற்றைப் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு டைரக்டரியை அழிப்பது என் வேலை. பாஷ் ஷெல்லில் நாலைந்து வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். 11 அறிக்கைகள் வந்தன. ஒன்று போயே போச்சு. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு மாற்றப்பட்ட நம் ரயில்வே பணிமனையைப் பற்றிய அறிக்கை அது. பாவம் அந்த நண்பன், இரண்டு இரவு கண்விழித்துத் திரும்ப டைப் செய்தான்.

தவறு எங்கே? அந்தக் கோப்பின் பெயர் 'பொன்மலை பணிமனை'. நடுவில் ஓர் இடைவெளி. மற்ற 11 பெயர்களிலும் இடைவெளி இல்லை.

ஷெல் ஒரு வரியை அப்படியே செய்வதில்லை. முதலில் விரிக்கும், பிறகுதான் செய்யும். டாலர் குறி போட்ட மாறியை அதன் மதிப்பாக விரிக்கும். மேற்கோள் குறி இல்லாவிட்டால், அந்த மதிப்பை இடைவெளி கண்ட இடத்தில் துண்டு போடும். அதற்குப் பிறகே நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிக்கும். ஆகவே 'ஃபார்' வரியில் நட்சத்திரம் தந்த பெயர் முழுதாகவே வந்தது. சுற்றும் சரியாக 12 முறை ஓடியது. உள்ளே 'சிபி' வரியில் மாறியை வெறுமனே எழுதினேனே, அங்கேதான் உடைந்தது. 'பொன்மலை' ஒரு கோப்பு, 'பணிமனை' இன்னொரு கோப்பு என்று தேடி, இரண்டும் இல்லை என்றது. நான் கவனிக்கவில்லை. அடுத்த வரி டைரக்டரியை அழித்துவிட்டது.

மருந்து எளியது. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஒற்றை மேற்கோள் போட்டால் மாறி விரியவே விரியாது. டாலர் குறியும் பெயருமே நிற்கும்.

இன்னொரு சேட்டையும் உண்டு. முதலில் நான் 'எல்எஸ்' கட்டளையைப் பைப் மூலம் 'வைல்' சுற்றுக்கு அனுப்பி, உள்ளே எண்ணிக்கையைக் கூட்டினேன். சுற்று முடிந்து பார்த்தால் பூஜ்யம்! காரணம், பாஷ் வழக்கமாகப் பைப்பின் ஒவ்வொரு பகுதியையும் தனித் துணை ஷெல்லில் ஓட்டும். அங்கே கூட்டியது அங்கேயே மறைந்துவிடும். பைப் இல்லாத 'ஃபார்' சுற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நான் 'ஃபார்' சுற்றுக்கு மாறியபோது, எரிச்சலில் எண்ணும் வரியையே எடுத்துவிட்டேன். காப்பி வெற்றியானால் மட்டும் கூட்டும்படி அது இருந்திருந்தால் 11 என்று காட்டி என்னைத் தடுத்திருக்கும்.

தவறு எங்கே என்று தெரியாதபோது 'எக்கோ' போட்டுப் பார்ப்போம். அது துண்டுகளை இடைவெளி விட்டுச் சேர்த்தே அச்சிடுவதால் உடைந்தது தெரியாது. சுற்றுக்கு முன் 'செட் மைனஸ் எக்ஸ்' என்று எழுதுங்கள். விரித்த பிறகு வரி எப்படி ஆனது என்று ஷெல்லே காட்டும். இடைவெளி உள்ள பெயர் முழுதாக இருந்தால் மேற்கோளுக்குள் வரும். உடைந்திருந்தால் மேற்கோள் இல்லாமல் தனித்தனியாக வரும்.

இதை வீட்டில் சொன்னேன். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், பொன்மலைச் சந்தையில் மூட்டை இறக்குபவர். "இறக்குன மூட்டைய எண்ணாம லாரிய அனுப்புவியாடா?" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது என் ஸ்கிரிப்டில் காப்பி வெற்றியானால் மட்டும் எண்ணிக்கை ஒன்று கூடும். கணக்கு 12 வந்தால்தான் அழிக்கும் வரிக்கே போகும். நீங்களும் எண்ணிவிட்டு அழியுங்கள், நண்பர்களே.