பைக்குள்ள மிச்சம் என்ன இருக்கு? – கார்கசோன் புதிர்கள்

"கார்கசோன்ல ஜெயிக்கிறதெல்லாம் லக் மச்சி, நல்ல டைல் வந்தவன் ஜெயிக்கிறான்." இந்த விளையாட்டு நடக்குற எந்த ஹாஸ்டல் ரூம்லயும் தோத்தவங்க முதல்ல சொல்ற வசனம் இதுதான். இது பாதி உண்மை. அடுத்து எந்த டைல் வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா பைக்குள்ள என்னென்ன மிச்சம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியலாம். பெட்டியில எந்த டைல் எத்தனைங்கிறது விதிப்புத்தகத்துலயே இருக்கு, வெளிய வந்த டைல் எல்லாம் மேசை மேல கண்ணு முன்னாடி கிடக்கு. ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சா போதும். அந்தக் கழித்தலைச் செய்யுறவங்களுக்கும் செய்யாதவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு மூணு புதிர்ல பார்ப்போம். ஒரு பென்சிலும் கட்டம் போட்ட தாளும் எடுத்துக்கோங்க.

முதல்ல புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கார்கசோன் என்பது தெற்கு பிரான்சில் உள்ள ஒரு கோட்டை நகரம். அதன் பெயரில் கிளவுஸ் யூர்கன் விரேட என்ற ஜெர்மானியர் வடிவமைத்த விளையாட்டு 2000-இல் வெளிவந்தது. 2001-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது.

விதிகள் எளிமை. உங்க முறை வந்தா பையிலிருந்து ஒரு டைல் எடுக்கணும். மேசையில இருக்கிற டைலோட ஒட்டி வைக்கணும். நகரத்தோட நகரம், சாலையோட சாலை, வயலோட வயல் சேரணும். இப்ப வச்ச டைல்ல உங்க ஆள் ஒருத்தரை (இதுக்குப் பேர் மீப்பிள்) நிறுத்தலாம். ஏற்கெனவே வேறொருத்தர் ஆள் நிக்கிற நகரத்துலயோ சாலையிலயோ நேரா நிறுத்த முடியாது. ஆட ஒருத்தருக்கு 7 மீப்பிள்தான். நகரம் முழுசா மூடினா டைலுக்கு 2 புள்ளி, கேடயத்துக்கு 2 புள்ளி, மீப்பிளும் கைக்குத் திரும்பும். மூடாமலே ஆட்டம் முடிஞ்சா அதுல பாதிதான். சாலைக்கு எப்பவும் டைலுக்கு 1. வயல்ல படுக்கிற விவசாயி கணக்கையும் கூடுதல் இணைப்புப் பெட்டிகளையும் இன்னிக்கு விட்டுடுவோம்.

இப்ப முக்கியமான பட்டியல். அடிப்படைப் பெட்டியின் 72 டைல்களும் இவைதான்.

நகரமே இல்லாதவை, 28
நேர் சாலை 8
வளைவுச் சாலை 9
முச்சந்தி 4
நாற்சந்தி 1
மடாலயம், சுற்றிலும் வயல் 4
மடாலயம், ஒரு பக்கம் சாலை 2

ஒரு பக்கம் மட்டும் நகரம், 18
மற்ற மூன்றும் வயல் 5
நேர் சாலையுடன் 4 (இதில் ஒன்றுதான் ஆரம்ப டைல்)
வளைவுச் சாலையுடன் 6 (இடது வளைவு 3, வலது வளைவு 3)
மற்ற மூன்றிலும் சாலை 3

ஒரே டைலில் இரண்டு தனித்தனி நகரங்கள், 5
எதிரெதிர்ப் பக்கம் 3
அடுத்தடுத்த பக்கம் 2

இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரே நகரம், 13
எதிரெதிர்ப் பக்கம் 3
மூலை நகரம், வயலுடன் 5
மூலை நகரம், வளைவுச் சாலையுடன் 5

மூன்று பக்கம் நகரம், 7
நாலாவது பக்கம் வயல் 4
நாலாவது பக்கம் சாலை 3

நாலு பக்கமும் நகரம், 1

மனப்பாடம் பண்ண வேண்டாம். ஆடும்போது பக்கத்துல வச்சுக்கோங்க.

புதிர் 1: எந்த ஓட்டை செத்த ஓட்டை?

நாலு பக்கமும் டைல் சூழ்ந்த காலி இடத்தை 'ஓட்டை'ன்னு சொல்வோம். கீழே நாலு ஓட்டைகள். மேல்பக்கத்தில் ஆரம்பித்து கடிகாரச் சுற்றில் என்னென்ன பக்கங்கள் வேணும்னு கொடுத்திருக்கேன். ஒவ்வொண்ணையும் நிரப்ப மொத்தப் பெட்டியில எத்தனை டைல் இருக்கு?

அ. நகரம், சாலை, நகரம், சாலை
ஆ. வயல், வயல், வயல், வயல்
இ. சாலை, சாலை, சாலை, வயல்
ஈ. நகரம், வயல், வயல், சாலை

இங்கயே நிறுத்தி யோசிங்க.

விடை: அ – 0, ஆ – 4, இ – 4, ஈ – 0.

ஆ-வுக்குச் சாலையில்லாத மடாலயம் நாலும் பொருந்தும். இ-க்கு நாலு முச்சந்தி. அ-வைப் பார்த்தா சாதாரணமாத்தான் தெரியும், ஆனா எதிரெதிர்ப் பக்கம் நகரம் இருக்கிற ஆறு டைலுக்கும் மற்ற இரண்டு பக்கமும் வயல்தான். ஈ-யில சிக்கல் சாலை. பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. ஒரே ஒரு பக்கம் மட்டும் சாலை இருக்கிற டைல் மொத்தமே 5. அதுல 2 மடாலயம், அதாவது மூணு வயல். மீதி 3-இல் மற்ற மூணு பக்கமும் நகரம். மற்றபடி சாலை வந்தா ரெண்டாவது பக்கமும் கூடவே வரும். அதனால ஒரு ஓட்டைக்கு ஒரே ஒரு சாலை முனை வந்து, மற்ற மூணு பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னா அது செத்த ஓட்டை.

இதனால என்ன நஷ்டம்? அந்த ஓட்டையை நம்பி நிக்கிற மீப்பிள் ஆட்டம் முடியுற வரைக்கும் எழுந்து வராது. ஏழுல ஒண்ணு போச்சு. அப்படி மூணு பேரை மாட்டிக்கிட்டவங்க, கடைசியில மடாலயம் வந்தாலும் நிறுத்த ஆள் இல்லாம கையைப் பிசைவாங்க. அதை லக் இல்லைன்னு சொல்லுவாங்க.

புதிர் 2: ஒரே டைல், ஒரே இடம், திருப்புறது எப்படி?

ரெண்டு பேர் ஆட்டம். எதிராளி நகரத்துல 6 டைல், 1 கேடயம். அது மூட ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அந்த இடத்தைத் தாள்ல ஒரு கட்டமா வரைஞ்சுக்கோங்க. கட்டத்தோட இடப்பக்கம் அவரோட நகரம். மேல, வலது, கீழ மூணும் காலி.

உங்க கையில ஒரு வளைவுச் சாலை. அதை ரெண்டு இடத்துல வைக்கலாம். உங்க சொந்தச் சாலையில சேர்த்தா 1 புள்ளி உறுதி. இல்லைன்னா அந்தக் கட்டத்துக்கு நேர் மேல வைக்கலாம். அங்க வச்சா டைலோட இடப்பக்கம் வயலா இருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. அதனால கட்டத்தைப் பார்க்கிற கீழ்ப்பக்கத்தை வயலாகவும் வைக்கலாம், சாலையாகவும் வைக்கலாம்.

நீங்க வச்ச பிறகு பையில 12 டைல் இருக்கும், ஆளுக்கு 6. அந்த 12-இல் நகரம் இருக்கிறது நாலே நாலு. 'ஒரு பக்கம் நகரம், மூணு பக்கம் வயல்' 3, 'ஒரு பக்கம் நகரம், மூணு பக்கம் சாலை' 1. என்ன செய்வீங்க?

முதல்ல பணயம் எவ்வளவுன்னு பார்ப்போம். நகரம் மூடினா 7 டைல், 1 கேடயம், மொத்தம் 16 புள்ளி. மூடலைன்னா 6 + 1 = 7. வித்தியாசம் 9.

சொந்தச் சாலைக்குப் போனீங்கன்னா, நாலு டைல்ல எது வந்தாலும் அவர் மூடிடுவார். அவர் மூடாம இருக்கணும்னா நாலும் உங்க ஆறுக்குள்ளயே வரணும். அதுக்கு வாய்ப்பு 6/12 × 5/11 × 4/10 × 3/9 = 1/33. அதாவது அவர் மூட 97% வாய்ப்பு.

மேல வயல் முகம் காட்டி வச்சா, மூணு சாலை டைல் பொருந்தாது. மீதி 3. அந்த மூணும் உங்களுக்கே வர வாய்ப்பு 6/12 × 5/11 × 4/10 = 1/11. அவர் மூட 91%. குறைஞ்சது 6%. 9 புள்ளியில அது சராசரியா அரைப் புள்ளி. சொந்தச் சாலையில கிடைக்கிற 1 புள்ளியே இதைவிட மேல்.

சாலை முகம் காட்டி வச்சா, மூணு வயல் டைலும் அடிபட்டுப் போச்சு. பொருந்துறது ஒண்ணே ஒண்ணு. அது அவருக்கு வருமா உங்களுக்கு வருமான்னா சரிபாதி. 97% இருந்தது 50% ஆச்சு. 9 புள்ளியில சராசரி 4 புள்ளிக்கு மேல மிச்சம்.

கவனிச்சீங்களா? அதே டைல், அதே இடம். ஒரு திருப்பு திருப்பினா அரைப் புள்ளி, இன்னொரு திருப்புல நாலு புள்ளி. "பிளாக் பண்ணுறேன்"னு சும்மா பக்கத்துல கொண்டு போய் வச்சா அது பிளாக் ஆகாது. எந்த டைல்களை அடிக்கிறோம்னு தெரிஞ்சு வைக்கணும்.

இன்னொண்ணு. பையில இருக்கிறது மாறினா விடையும் மாறும். அந்த நாலுல மூணு சாலை டைலும் ஒரு வயல் டைலுமா இருந்திருந்தா வயல் முகம்தான் சரி. 'எப்பவும் சாலையை வை' மாதிரி சூத்திரமா இதை எடுத்துக்காதீங்க. எண்ணிப் பார்த்துட்டு வைங்க.

புதிர் 3: பங்காளி ஆவது எப்படி?

மறுபடியும் எதிராளி நகரம், இந்தத் தடவை 5 டைல், கேடயம் இல்லை. அதே மாதிரி மூட ஒரே கட்டம் பாக்கி, அதோட இடப்பக்கம் அவர் நகரம். உங்க கையில 'ஒரு பக்கம் நகரம், மூணு பக்கம் வயல்'. இதைத் தள்ளி எங்கயாவது வச்சுப் புது நகரம் தொடங்கலாம். இல்லைன்னா கட்டத்துக்கு நேர் மேல, நகரம் கட்டத்தைப் பார்க்கிற மாதிரி வச்சு, அதுல உங்க மீப்பிளை நிறுத்தலாம். அது இப்போதைக்குத் தனி நகரம்தானே, விதி தடுக்காது. இப்படி வச்சா என்ன ஆகும்?

கட்டத்துல வைக்கிற டைலுக்கு இனிமே இடதும் மேலும் நகரம் வேணும். முழுப் பெட்டியில எண்ணுவோம். மூலை நகரம் 10, மூன்று பக்க நகரம் 7, நாலு பக்கமும் நகரம் 1. ஆக 18 டைல் ரெண்டு நகரத்தையும் இணைச்சுடும். அடுத்தடுத்த பக்கத்துல தனித்தனி நகரம் உள்ள டைல் 2. அது மட்டும்தான் உங்களைப் பிரிச்சு விடும். 18-க்கு 2! மேசையில ஏற்கெனவே கிடக்கிறதை நீங்க கழிச்சுக்கோங்க.

ஒரு நகரத்துல ரெண்டு பேருக்கும் சம எண்ணிக்கையில மீப்பிள் இருந்தா ரெண்டு பேருக்கும் முழுப் புள்ளி. கேடயம் இல்லாத மூலை நகரம் வந்து மூடுதுன்னு வைங்க. 5 + 1 + 1 = 7 டைல், ஆளுக்கு 14. நீங்க ஒண்ணும் செய்யாம விட்டு அவரே தனியா மூடியிருந்தா அவருக்கு 12, உங்களுக்கு 0. பன்னிரண்டு புள்ளி பின்தங்க வேண்டிய இடத்துல சமமா நிக்கிறீங்க.

இதுல அழகு என்னன்னா, மூடுற டைல் அவர் கைக்கு வந்தாலும் அவருக்குத் தர்மசங்கடம்தான். மூடினா உங்களுக்கும் புள்ளி, மூடலைன்னா மீப்பிள் மாட்டிக்கும்.

இதே புதிரைத் தற்காப்பாவும் படிக்கலாம். உங்க நகரத்தோட கடைசி ஓட்டைக்குப் பக்கத்துல, உங்களைத் தொடாம, மூலைவாட்டத்துல ஒருத்தர் நகரத் துண்டை வச்சு ஆளையும் நிறுத்தினா அது பங்கு கேட்டு அனுப்புற நோட்டீஸ். அதே வழியில ரெண்டாவது மீப்பிளைக் கொண்டு வந்து பெரும்பான்மை பிடிக்கப் பாருங்க. பெரும்பான்மை இருக்கிறவருக்குத்தான் மொத்தப் புள்ளியும்.

கடைசியா

மூணு புதிர்லயும் நீங்க எடுத்த டைல் சாதாரண டைல்தான். எதிராளிக்கு வந்ததும் அப்படித்தான். முடிவை மாத்தினது, வைக்கிறதுக்கு முன்னாடி கேட்ட மூணு கேள்வி. நான் என்ன ஓட்டையை உருவாக்குறேன்? அதுக்குப் பொருந்துற டைல் பையில எத்தனை மிச்சம்? அது வந்தா யாருக்கு லாபம்? முதல் ரெண்டு ஆட்டத்துல ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டா ஃப்ரெண்ட்ஸ் "சீக்கிரம் வைடா"ன்னு கத்துவாங்க. மூணாவது ஆட்டத்துல பட்டியலைப் பார்க்காமலே கணக்கு ஓடும். அதுக்கப்புறமும் தோற்கலாம், 50% என்பது 50% தான். ஆனா தோத்தா எந்த டைல் வராததால தோத்தோம்னு பேர் சொல்லித் தோப்பீங்க.

வீட்டுப் பாடம் ஒண்ணு. புதிர் 3-இல் உங்க நகரத் துண்டைக் கட்டத்துக்கு மேல வைக்காம, வலப்பக்கம், அதாவது எதிராளி நகரத்துக்கு நேர் எதிரா வச்சா இணைக்கிற டைல் எத்தனை, பிரிக்கிற டைல் எத்தனை? முழுப் பெட்டிக் கணக்கு போதும். எண்ணிட்டு அடுத்த வரியைப் படிங்க.

இணைப்பது 11 (எதிரெதிர் 3, மூன்று பக்கம் 7, நாலு பக்கம் 1), பிரிப்பது 3. பங்கு கேட்க மூலைவாட்டம்தான் நல்ல வழி.