பாமினியா, யுனிகோட்டா? தமிழ்க் கோப்புகளை எதில் வைப்பது

தமிழ்க் கோப்பை எந்தக் குறியாக்கத்தில் வைப்பது என்று தீர்மானிக்க ஒரே சோதனை போதும்: எழுத்துருவை எடுத்துவிட்டால் அங்கே தமிழ் மிஞ்சுமா? யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பாடசாலை மலருக்கும் கும்பாபிஷேக மலருக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் நெடுங்காலம் கைகொடுத்த பாமினி எழுத்துரு இந்தச் சோதனையில் தேறாது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து பைற்றுகள்தான். பாமினி இல்லாத கணினியில் அவை அப்படியே ஆங்கிலமாக நிற்கும். ‘கொ’வும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு முதலிலும் ககரம் பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. அதனால் பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் கொ, கை எல்லாம் ககரத்தை விட்டு எங்கோ போய்விடும்.

திஸ்கி என்ற குறியாக்கம் இதைவிட ஒரு படி மேல். ஆங்கிலத்துக்கு உரிய முதல் 128 இடங்களைத் தொடாமல், அடுத்த 128இல் தமிழை வைத்ததால் இரு மொழியும் ஒரே கோப்பில் கலக்காமல் இருந்தன. 1998இல் தொடங்கிய மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டம் அதில் நூல்களை வெளியிட்டு, பின்னர் யுனிகோட்டுக்கு மாறியது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்-16ஐத் தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோட்டுடன் ஒரு மாற்றுத் தரமாக ஏற்றது. இலக்கண நோக்கில் அழகான ஏற்பாடு. ஆனால் அது யுனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதற்கென அமைத்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் கட்டங்களே தெரியும். ககரத்தை உலகெங்கும் ககரமாகவே அறியும் யுனிகோட்டையே நான் தேர்வேன். இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரமும் அதைச் சார்ந்ததே.

யுனிகோட் இடம் அதிகம் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான்: யூரிஎப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைற்று, ‘தமிழ்’ என்பதற்குப் பதினைந்து. ஆனாலும் 2,000 குறிகள் கொண்ட ஒரு பக்கம் 6,000 பைற்றுதான். மலரில் சேரும் ஒரேயொரு புகைப்படம் அதை விழுங்கிவிடும். பாமினி விசைகளுக்குப் பழகிய விரல்கள் என்னாவது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு. என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருளில் பாமினி விசைகளையே அழுத்தி யுனிகோட்டில் எழுதலாம். பக்க வடிவமைப்புக்கான பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் யுனிகோட்டை ஏற்காது என்பதும் சரியே. அதைப் பயன்படுத்தும் அச்சகத்துக்குப் பாமினிப் பிரதி ஒன்றை மாற்றிக் கொடுங்கள். மூலப்பிரதி யுனிகோட்டில் உங்களிடம் இருக்கட்டும்.

பழைய கோப்புகளை மாற்றுவதில்தான் கவனம் வேண்டும். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறி என்பதால், ‘கௌரவம்’ என்பதில் வருவதும் ‘கெளிறு’ என்ற மீன் பெயரில் வருவதும் குறியாக்க மாற்றிக்கு ஒன்றே. ஊகிக்கத் தெரியாத மாற்றி இரண்டில் ஒன்றைக் கெடுக்கும். நடுவே ஆங்கிலத்தில் அடித்த மின்னஞ்சல் முகவரி, எழுத்துரு விவரம் இழந்த வெறும் உரைக்கோப்பில் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ஆகவே வேர்ட் கோப்பு இருந்தால் அதிலிருந்தே, எழுத்துருவைப் பார்த்து மாற்றும் கருவியால் மாற்றுங்கள்; ஔகாரச் சொற்களையும் முகவரிகளையும் கண்ணால் சரிபாருங்கள்; பாமினிக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலக இணையத்தளத்தின் பட்டியலில் ஒரு மலரின் பெயரைத் தமிழில் அடித்துத் தேட முடிவது அது யுனிகோட்டில் இருப்பதால்தான். ஊர்ச் சனசமூக நிலையத்தின் கணினியிலுள்ள மலர்களையும் அவ்வாறே தேடக்கூடியதாக்க, முதலில் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் நிறைந்த கோப்புகளிலிருந்து தொடங்கலாம்.