பட்டு நூல் சொல்லும் பாடம்

பட்டுப் புடவையை விரும்பாத பெண்களும் உண்டோ? ஆனால் நெசவாளர் வீட்டுக்கு வரும் கச்சாப் பட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள், "இதுவா பட்டு?" என்றுதான் கேட்பார்கள். மொரமொரவென்று, மங்கிய நிறத்தில், பளபளப்பே இல்லாமல் இருக்கும். அதைச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்த பிறகே மென்மையும் மினுமினுப்பும் வெளிப்படும்.

காஞ்சியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவள் நான். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள், அப்பா வெளியே சென்றிருந்தபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அண்டாவில் மேலும் இரண்டு கை சோடாவை அள்ளிப் போட்டேன். அடுப்பைத் தணிக்கவும் மறந்துவிட்டேன். மறுநாள் அந்தக் கழியைச் சுற்றும்போது இழைகள் பொட்டுப் பொட்டென்று அறுந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மிகவும் வலித்தது. ஏன் அறுந்தது என்பது வேதியியல் பாடம் படித்தபோதுதான் புரிந்தது.

ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களைச் சேர்த்து வைக்கும் பிணைப்பு வேறு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசை வேறு. பின்னது மிகவும் வலுக்குறைந்தது. ஆயினும் ஒரு பொருள் திரவமா, திண்மமா, எப்போது கொதிக்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. தண்ணீரைப் பாருங்கள். அதைவிட எடை மிகுந்த மூலக்கூறுடைய ஹைட்ரஜன் சல்பைடு −60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. தண்ணீரோ 100 டிகிரி வரை காத்திருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதே காரணம்.

இனி பட்டுக்கு வருவோம். கச்சாப் பட்டில் இரண்டு புரதங்கள் உண்டு. நடுவே இருக்கும் இழை ஃபைப்ராயின். அதைச் சுற்றியுள்ள பசை செரிசின். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தப் பசைதான். செரிசினின் சங்கிலிகள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. தண்ணீரை ஈர்க்கும் பகுதிகளும் அவற்றில் மிகுதி. ஆகவே வெந்நீர் உள்ளே புகுந்து அவற்றைப் பிரித்துக் கரைத்துவிடுகிறது. சோடா அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. ஃபைப்ராயினின் கதை வேறு. அதன் சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாக நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் மடிப்பு மடிப்பான தகடுகளாகின்றன. தகடுகள் வான் டெர் வால்ஸ் விசையால் ஒன்றன்மேல் ஒன்று அடுங்குகின்றன. தண்ணீர் நுழைய இடமேது? இந்த அமைப்பை மார்ஷ், கோரி, பாலிங் ஆகியோர் 1955இல் விளக்கினர். அதற்கு ஓராண்டு முன்னதாக, நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு முப்புரி வடிவம் கண்டனர் என்பதை எண்ணும்போது பெருமையாக இருக்கிறது.

இப்போது என் தவறு விளங்கும். அளவான சோடா பசையோடு நின்றுவிடும். அளவு மீறி, நேரமும் மீறினால், ஃபைப்ராயின் சங்கிலிக்குள்ளே இருக்கும் பிணைப்புகளையே அது வெட்டத் தொடங்கிவிடும். பசை போன பின் இழையும் போயிற்று!

விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி அரிசிக் கஞ்சி தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சியின் மாவுச்சத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான் இழையைப் பற்றி விறைப்பாக்குகிறது. தண்ணீர் பட்டால் விட்டுவிடும்.

அசல் பட்டா என்று அறிய, இழையொன்றைப் பெரியவர்கள் முன்னிலையில் கொளுத்திப் பாருங்கள். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பட்டு உருகாது. சங்கிலிகளின் பிடி விலகி உருகுவதற்கு முன்பே சங்கிலிகளே சிதைந்து, முடி கருகும் நாற்றத்தோடு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியாகிவிடும்.