நிறுத்திய காரில் இடித்துவிட்டு ஓடினால்?

கேள்வி: தெருவோரம் நிறுத்தியிருந்த என் காரை இரவில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவு நசுங்கிவிட்டது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: முதலில் வண்டியை நகர்த்தாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டு, ஒட்டியிருக்கும் வேற்றுப் பெயின்ட், எதையும் துடைத்துவிடாதீர்கள். அடுத்து எதிர்வீடு, மூலைக்கடை கேமராக்கள். பழைய பதிவு சில நாட்களில் தானே அழிந்துவிடும், இன்றே கேளுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ‘சின்ன நசுங்கல்தானே’ என்பார்கள், விடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், உங்கள் கம்பெனி ஒரு ரூபாயும் தராது. அரசின் ‘இடித்துவிட்டு ஓடிய விபத்து’ நிவாரணமும் உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டுமே. காம்ப்ரிஹென்சிவ் என்றால் கிடைக்கும். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் கைவைக்க விடாதீர்கள்.

ஒரு கணக்கும் போடுங்கள். க்ளெய்ம் செய்தால் 20 முதல் 50 சதவீதம் வரையிலான நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். பட்டறைச் செலவு நாலாயிரம் என்றால், நானாக இருந்தால் கைக்காசைத்தான் போடுவேன்.

இடித்த வண்டியின் எண் கிடைத்தால் கதையே வேறு. அந்த வண்டியின் இன்சூரன்ஸிடமே நஷ்டஈடு கேட்கலாம். அதனால் கேமராவை விடாதீர்கள்.