ஒரு பெயரும் இரு கோப்பும்

பலபொருள் ஒருசொல் என்பது மாணவர் இலக்கண வகுப்பிற் கேட்டறிந்த தொடர். 'மா' என்னுஞ் சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். பூத்தது எனின் மரமென்றும், பாய்ந்தது எனின் விலங்கென்றும் வினைகொண்டு நாம் தெளிகின்றோம். கணினியின் தொகுப்பானுக்கோ இத்தெளிவு இல்லை. தலைப்புக் கோப்பொன்றின் பெயரைச் சொன்னால், தேடும் வரிசையில் முதலிற் கிட்டுவதையே அது எடுத்துக்கொள்ளும்.

இதனால் விளையும் வழுவொன்றை ஈண்டு ஆராய்வாம். சி பிளஸ் பிளஸ் மொழியின் 2020ஆம் ஆண்டு நியமம், 'வேர்ஷன்' என்னும் தலைப்புக் கோப்பை நியம நூலகத்திற் புதிதாகச் சேர்த்தது. செய்நிரலாளர் பலர் தம் நிரலின் பதிப்பெண்ணை, 1.2.3 என்றாற்போல, அதே பெயரைப் பெரிய எழுத்துகளில் இட்ட கோப்பொன்றில் எழுதிவைப்பது அதற்கு முன்பே இருந்த வழக்கம். மக் கணினியின் கோப்பு முறைமையோ, இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை. அன்றியும், '-ஐ' என்னும் தெரிவினால் தம் கோப்புறையைத் தேடுமிடமாகக் காட்டியிருப்பின், நியம நூலகத்துக்கு முன்னர் அதுவே தேடப்படும். அப்பொழுது நியமக் கோப்பொன்று 'வேர்ஷன்' கோப்பை அழைக்க, தொகுப்பான் அப்பதிப்பெண்ணைத் திறந்து வாசித்து, மொழிக்கு ஒவ்வாதது என்று வழுக்கூறும்.

மாணவர் திகைப்பது இவ்விடத்திலேயாம். தாம் எழுதிய வரிகளிற் பிழையில்லை. தொகுப்பானைப் புதுப்பிக்கும்வரை நிரலும் ஒழுங்காக ஓடிற்று. எனவே சிலர் நல்ல வரிகளை அழிப்பர். சிலர் தொகுப்பானையே நீக்கி மீள நிறுவுவர். இரண்டும் வீண் உழைப்பே.

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, முதல் வழுச்செய்தியை ஊன்றி வாசித்தல். பின்வருவன பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. இரண்டாவது, அச்செய்தி சுட்டும் கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளதென நோக்குதல். ஜி.சி.சி., கிளாங் ஆகிய தொகுப்பான்களுக்குப் பெரிய எழுத்தில் '-எச்' என்னும் தெரிவைக் கொடுத்தால், திறக்கப்பட்ட தலைப்புக் கோப்புகள் யாவும் வரிசையாகத் தோன்றும். மூன்றாவது, மயக்கத்தை நீக்குதல். பதிப்பெண் கோப்பின் பெயரோடு '.டிஎக்ஸ்டி' என்னும் ஈற்றைச் சேர்த்தல் எளிய வழி. அஃது இயலாவிடின், '-ஐ' இருந்த இடத்தில் '-ஐகுவோட்' என்பதை இடுக. மேற்கோட் குறிக்குள் அழைக்கப்படும் கோப்புகளுக்கு மாத்திரமே அக்கோப்புறை தேடப்படும்.

வருமுன் காத்தலும் வேண்டும். 'ஸ்டிரிங்', 'டைம்', 'மாத்' முதலிய நியமப் பெயர்களைத் தம் தலைப்புக் கோப்புகளுக்கு இடாதிருத்தல் நன்று. வழுவைக் கண்டவுடன் தம் எழுத்தை ஐயுற்று அழியாது, எந்தக் கோப்பு திறக்கப்பட்டதென முதலில் வினவும் பழக்கத்தை நம் மாணவர் கைக்கொள்வாராக.