சம்பளச் சீட்டைப் படிப்போம்

இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, எங்கள் மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் 11 மணிக்கு வந்து கதவைத் தட்டினார். ஒரு தனியார் நிறுவனத்தில் அவர் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. "நாளைக்கு ராஜினாமா கொடுக்கப் போகிறேன், அங்கிள். மாடாய் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஊரில் அப்பாவுக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனும் இதே குறையைச் சொன்னான். "முதல் வேலை அப்படித்தான், பொறுத்துக்கொள்" என்று வாயை அடைத்தேன். அவன் சம்பளச் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வேறு வேலை தேடிக்கொள்ளாமலே அவன் விலகி, ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். அந்தத் தவற்றை மறுபடி செய்யக் கூடாதென்று இம்முறை காகிதமும் பேனாவும் எடுத்தேன். அன்று போட்ட கணக்கு நம் பிள்ளைகள் பலருக்கும் பயன்படும்.

முதல் கணக்கு, கைக்கு வருவது. நியமன உத்தரவில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்றிருந்தது. மாதம் 30,000 என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். ஆனால் அது நிறுவனம் அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதமாகிய 1,800 நிறுவனத்தின் சேமநல நிதிப் பங்கு, பணிக்கொடைக்கு 721. இரண்டும் அந்த 30,000-க்குள் அடக்கம். பிறகு அவருடைய சேமநல நிதிப் பங்கு 1,800, மகாராஷ்டிரத் தொழில் வரி 200. மீதி 25,479.

சேமநல நிதி நம் பணம். வேலை மாறினால் அதை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் தொடரலாம். 5 ஆண்டுக்குள் எடுத்தால் வருமான வரி உண்டு. பணிக்கொடையோ, நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டு முடித்தால்தான் கிடைக்கும்.

இரண்டாம் கணக்கு, மணிக்கு எவ்வளவு? உத்தரவுப்படி நாளைக்கு 9 மணி, மாதம் 22 நாள். 198 மணி நேரம். மணிக்கு சுமார் 129 ரூபாய். உண்மையில் அவர் உழைத்தது 12 மணி வீதம் 26 நாள். 312 மணி நேரம். மணிக்கு 82 ரூபாய்தான்! தொழிற்சாலைத் தொழிலாளியின் மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948-லேயே சட்டமாயிற்று. 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற பட்டத்தோடு சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. ஆகவே நேரத்தை எண்ணுவது நம் பொறுப்பு.

மூன்றாவது, பதிவேடு. ரயில் ஓட்டுநர் பணியேற்ற நேரமும் பணி முடித்த நேரமும் தவறாமல் பதிவாகும். களைத்த ஓட்டுநரால் வண்டிக்கே ஆபத்து என்பதே காரணம். அதுபோல நான்கு வாரம் குறித்து வரச் சொன்னேன். ராஜினாமா அதுவரை மேசைக்குள் இருக்கட்டும் என்றேன்.

குறித்ததில் ஒன்று தெரிந்தது. ஒரே அறிக்கையை மூன்று அதிகாரிகளுக்கு மூன்று விதமாகத் தயாரிப்பதில் வாரம் 6 மணி நேரம் போயிற்று. அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் பேசினார். இப்போது ஒரே அறிக்கைதான். சனிக்கிழமை வேலை நின்றது. சம்பளம் உயரவில்லை. அதற்காக வேறு இடம் தேடுகிறார். ஆனால் உத்தரவு கைக்கு வந்த பிறகே விலகுவார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை அலுத்துக்கொண்டால் அறிவுரையைச் சற்று ஒத்திப்போட்டு, முதலில் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.